பிள்ளைகள் தேமலை வரையட்டும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலையில் நடந்த சித்திரப் போட்டிக்கு எம்மை நடுவர்களாக அழைத்திருந்தார்கள். கொடுக்கப்பட்ட தலைப்பு தொழுநோய். பிள்ளைகள் ஆர்வத்தோடு வரைந்திருந்தார்கள். அவற்றுள் ஒரு படத்துக்கு நாம் முதற் பரிசு கொடுத்தோம். ஊருக்கு வெளியே பட்டுப்போன ஒரு மரம், அதன் கீழே விரல்கள் இல்லாத ஒரு கிழவர், அவர் முன்னால் ஒரு தகரப் பேணி, தூரத்திலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போகும் சனங்கள். படம் உயிரோட்டமாக இருந்தது. அதனைச் சட்டமிட்டு மண்டபச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த வருடம் அதே ஊரில் ஒரு தாயைச் சந்தித்தோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனின் முன்கையில் வெளிறிய ஒரு தேமல். இரண்டு வருடமாக இருக்கிறதாம். எண்ணெய் பூசியிருக்கிறார், பத்துப் போட்டிருக்கிறார், வைத்தியசாலைக்கு மட்டும் போகவில்லை. தொழுநோயாக இருக்கலாம் என்று யோசிக்கவில்லையா என நாம் மெதுவாகக் கேட்டோம்.

“நீங்கள் சுவரில மாட்டின படத்தில இருக்கிற வருத்தம் வேறையல்லோ? இவனுக்கு விரல் எல்லாம் வடிவாத்தானே இருக்கு” என்றார் அந்தத் தாய். சற்று நேரம் பொறுத்து, “அப்பிடி இருந்தாலும் அதை எப்பிடி வெளியில சொல்லுறது?” என்றும் கேட்டார்.

பையனை வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். அது தொழுநோய்தான். மருந்து எடுத்தான், நோய் முற்றாகச் சுகமாயிற்று. ஆனால் சின்னி விரற் பக்கத்தில் அதற்குள் போய்விட்ட உணர்ச்சி திரும்பி வரவில்லை. ஒரு வருடம் முந்திக் காட்டியிருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம். அந்தத் தாயைத் தாமதிக்க வைத்ததில் நாம் பரிசு கொடுத்த படத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த இதழின் பாடத்தை இவ்விடயத்துக்கு ஒதுக்குகின்றோம்.

பாடத்தின் சாரம் இதுதான். நீண்டகால நோயொன்றைப் பற்றி மக்களுக்கு அறிவூட்டப் பாடசாலைச் சித்திரம் மிக நல்ல கருவி. ஆனால் நோயின் கடைசிக் கோலத்தை வரைந்தால் மக்கள் பயந்து ஒளிப்பார்கள். நோயின் முதல் அடையாளத்தையும், சுகமாகி வேலை செய்யும் மனிதரையும் வரைந்தால் மக்கள் நேரத்துக்கு வைத்தியரிடம் போவார்கள்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

கொண்டச்சியில் இந்நோய் கூடுதலாக இருக்கின்றது என நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் கொண்டச்சி, சிலாவத்துறை, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டிப் பகுதிக் குடும்பங்கள் கடந்து வந்த வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 2007ஆம் ஆண்டு ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர் பலர் திரும்பி வந்து காடு வெட்டி, கிணறு இறைத்து, வயலைத் திருத்தினார்கள். இன்றும் ஒரு காலைப் புத்தளத்திலும் மறு காலை முசலியிலும் வைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்பு அங்கே, காணி இங்கே என்ற நிலை.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் மூன்று இடர்கள் உள்ளன. ஒன்று, நெருக்கம். ஒரே அறையில் பலர் நெடுங்காலம் படுத்து எழும்புதல். இரண்டு, கவனிப்பாரின்மை. வீடு, தண்ணீர், காணி உறுதி என்று அலையும் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் முதுகில் உள்ள நோகாத தேமல் பெரிதாகத் தெரியாது. மூன்று, மருந்து இடைநடுவில் நின்றுபோதல். ஓர் ஊரில் தொடங்கிய சிகிச்சை மற்ற ஊருக்குப் போனதும் விடுபட்டுப் போகும்.

நோயைப் பற்றிச் சரியாக அறிவோம்

பிள்ளைகள் வரையத் தொடங்குமுன் பெரியவர்கள் நாம் சில உண்மைகளைத் தெரிந்திருத்தல் அவசியமாகும்.

1. தொழுநோய் ஒரு கிருமியால் வருகின்றது. நோர்வே நாட்டு வைத்தியர் ஆர்மவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு அக்கிருமியைக் கண்டறிந்தார். இது சாபமன்று, பாவத்தின் பலனுமன்று, பரம்பரை வியாதியுமன்று.

2. கிருமி மிக மெதுவாகப் பெருகும். உடலில் புகுந்து அடையாளம் வெளியே தெரியச் சராசரி ஐந்து வருடம் செல்லும். சிலருக்கு இருபது வருடமும் ஆகலாம். ஆகவே யாரிடமிருந்து வந்தது, எந்த முகாமில் தொற்றியது என்று விசாரிப்பதில் பயனில்லை. அவ்விசாரணை அயலவரைப் பகைவராக்கும்.

3. மருந்து எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது அவருடைய மூக்கு, வாய் வழியாக வரும் நுண்துளிகளால் இது தொற்றுகின்றது. கை கொடுப்பதாலோ, ஒன்றாக உண்பதாலோ, பாடசாலை வாங்கில் அருகில் இருப்பதாலோ தொற்றாது. மனிதரில் மிகப் பெரும்பாலானோருக்கு இதனை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. சிகிச்சை தொடங்கியதும் விரைவிலேயே நோயாளியிடமிருந்து தொற்றும் அபாயம் நீங்கிவிடும்.

4. முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரு தேமல். வெளிறியதாகவோ சிவந்ததாகவோ இருக்கும். சொறியாது, நோகாது. அவ்விடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும், வியர்வை குறையும், மயிர் உதிரலாம். சிலருக்குத் தேமலுக்குப் பதிலாகக் கை கால் விறைப்பு, காது மடல் தடிப்பு, தோலில் சிறு முடிச்சுகள் தோன்றும். எல்லாத் தேமலும் தொழுநோயன்று. தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

5. மருந்து உண்டு, அது இலவசம். றிபாம்பிசின், டப்சோன், குளோபசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. இலங்கையில் அது 1983ஆம் ஆண்டு தொடங்கியது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் மருந்து எடுக்க வேண்டும். மருந்து எடுக்கும் காலத்தில் சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். பயந்து நிறுத்திவிடக் கூடாது. தோலின் கறுப்பு மருந்து முடிந்தபின் மெல்ல மெல்லக் குறையும். ஆனால் தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, கை கால் நரம்பு நொந்தாலோ, கண் சிவந்தாலோ தாமதியாது வைத்தியரிடம் போக வேண்டும்.

6. மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை மீண்டும் உயிர்ப்பிக்க மாட்டாது. ஆகவே நேரத்தோடு காட்டுவதில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

இலங்கை 1995ஆம் ஆண்டிலேயே பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆயினும் நோய் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர், அவர்களுள் பிள்ளைகளும் உள்ளனர். உலகம் முழுவதும் 2023ஆம் ஆண்டில் 182,000க்கு மேற்பட்ட புதிய நோயாளர் பதிவாகினர். நோய் ஒழிந்தது என்று எண்ணி நாம் மறந்துவிட்டதே இன்று பிந்திக் கண்டுபிடிப்பதற்கு ஒரு காரணம்.

பயம் செய்த வேலை

இந்நோயைக் குறித்த பயம் எம் நாட்டில் கல்லால் கட்டப்பட்ட ஒன்று. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டு கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலையொன்றைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் 1901ஆம் ஆண்டு சட்டமொன்றை இயற்றி, நோயுற்றோரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்ற தீவிலும் நோயாளரை வைத்துப் பராமரித்தார்கள். அக்காலத்தில் மருந்து இருக்கவில்லை. ஆதலால் பிரித்து வைப்பதே வழி என்று நினைத்தார்கள். மருந்து வந்த பின்னரும் அந்த நினைப்பு எம்மைவிட்டுப் போகவில்லை. இந்தியாவில் திருமணத்தை முறிப்பதற்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டச் சட்டமே இடங்கொடுத்திருந்தது. அந்த வாசகம் நீக்கப்பட்டது 2019ஆம் ஆண்டில்தான்.

பிரசங்க மேடையில் நின்று பேசும் நாமும் இதில் குற்றமற்றவர்களல்லர். திருமறையில் வரும் பழைய சொல்லை எடுத்துப் பாவத்துக்கும் தீமைக்கும் உவமையாகச் சொல்லிவிடுகின்றோம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் அதையே படமாக வரைகின்றது.

படம் மாறியதால் வந்த நன்மை

1990ஆம் ஆண்டளவில் இலங்கையின் தொழுநோய்த் தடுப்பு இயக்கம், சுவிற்சர்லாந்து மருந்து நிறுவனமொன்றின் உதவி நிதியத்தோடு சேர்ந்து புதியதொரு பிரசாரத்தைத் தொடங்கியது. வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி ஆகிய எல்லாவற்றிலும் ஒரே செய்தி: இது மற்ற நோய்களைப் போல ஒரு நோய், மருந்தால் சுகமாகும், தேமலைக் கண்டால் வந்து காட்டுங்கள். பயங்கரமான உருவங்களை ஒதுக்கினார்கள். அதன் பின்னர் மக்கள் தாமாகவே வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினார்கள். ஆனால் எமது குடும்பங்கள் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றதும் அதே ஆண்டில்தான். அந்தச் செய்தியைக் காது கொடுத்துக் கேட்க எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்? அன்று தவறிப்போன பாடத்தை இன்று எமது பிள்ளைகளின் கையால் பெற்றுக்கொள்வோம்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே பாரதபுரம் என்பது தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் வாழும் குடியிருப்பு. அங்கே 2005ஆம் ஆண்டு ஒஸ்திரியா நாட்டு ஓவியர் வெர்னர் டோர்னிக்கும், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமனும் சேர்ந்து ‘பிந்து’ ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். முன்னர் தூரிகை பிடித்தறியாத முதியவர்கள் அங்கே மாணவர்களானார்கள். விரல்கள் மடங்கியவர்களும் குறைந்தவர்களும் தமக்கு ஏற்றபடி தூரிகையைப் பிடித்து வரைந்தார்கள். அவர்களுடைய ஓவியங்கள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு விற்பனையாகின. பிச்சை எடுப்பவர் என்று உலகம் எண்ணியவர்கள் தமது உழைப்பின் பலனைக் கையில் வாங்கினார்கள்.

இதில் எமக்கு ஒரு படிப்பினை இருக்கின்றது. எமது போட்டியில் பிள்ளை ஒரு நோயாளரைத் தூரத்தில் நின்று வரைந்தது. பாரதபுரத்திலோ நோயுற்றவரே வரைபவராக இருந்தார். பார்ப்பவர் அங்கே முதலில் காண்பது படத்தையும் அதை வரைந்த மனிதரையும். நோய் அதற்குப் பின்னரே வருகின்றது.

இந்தியாவில் காந்தியடிகளின் நினைவு நாளாகிய ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. 2017ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்பர்ஷ்’ இயக்கத்தில் ‘சப்னா’ என்ற கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் உருவத்தைப் படைத்தார்கள். ஸ்பர்ஷ் என்றால் தொடுகை, சப்னா என்றால் கனவு. ஊர்க் கூட்டத்தில் அவ்வூர்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்றே சப்னாவாக வந்து, தேமலைக் கண்டால் வைத்தியரிடம் போகும்படி சொல்லும். பெரியவர் சொன்னால் வாதாடும் நாம் பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்கின்றோம்.

பாடத்தை நடத்தும் முறை

1979ஆம் ஆண்டு சர்வதேச சிறுவர் ஆண்டையொட்டி, லண்டனில் வைத்தியர் டேவிட் மோர்லியும் அவருடைய தோழர்களும் ‘பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு’ என்ற முறையை உருவாக்கினார்கள். பாடசாலையில் கற்ற சுகாதார அறிவைப் பிள்ளை தன் தம்பி தங்கைக்கும் வீட்டுக்கும் அயலுக்கும் கொண்டுபோதலே அம்முறை. அதனைத் தழுவி ஐந்து படிகளை இங்கே தருகின்றோம். சித்திர ஆசிரியர் இல்லாத சிறு பாடசாலையிலும் இதைச் செய்யலாம்.

முதலாம் படி: கேட்டல். எதுவும் சொல்லிக்கொடாமல், “தொழுநோய் என்றால் உங்கள் மனதில் என்ன வருகின்றது? வரையுங்கள்” என்று தாளைக் கொடுங்கள். வருவது பட்ட மரமும் விரலில்லாக் கையுமாக இருக்கலாம். திருத்தவோ ஏசவோ வேண்டாம். அப்படங்களைப் பத்திரமாக வையுங்கள். ஊரின் மனதில் என்ன இருக்கின்றது என்பதை அவை எமக்குச் சொல்லும்.

இரண்டாம் படி: அறிதல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வகுப்புக்கு அழையுங்கள். பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் முறையை அவர் காட்டட்டும். ஒரு கண்டிப்பான விதி: பிள்ளைகள் ஒருவரையொருவர் சோதித்து விளையாடக் கூடாது. வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது தேமல் இருந்தால் ஆசிரியர் அதைப் பகிரங்கமாகச் சொல்லக் கூடாது. தாய் தகப்பனைத் தனியே அழைத்துப் பேச வேண்டும்.

மூன்றாம் படி: மீண்டும் வரைதல். பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். முதற் குழு முதல் அடையாளத்தை வரையட்டும்: குளிக்க வார்க்கும் தாய் மகனின் முதுகில் தேமலைக் காணுதல், கண்ணை மூடிய பிள்ளையின் கையில் வைத்தியர் பஞ்சால் தொடுதல். இரண்டாம் குழு சிகிச்சையை வரையட்டும்: மாதத்துக்கு ஒரு மருந்து அட்டை, சுவரில் தொங்கும் நாட்காட்டி, முடிந்த மாதங்களுக்குப் புள்ளடி. மூன்றாம் குழு சுகமானவரை வரையட்டும்: வரம்பு கட்டும் தகப்பன், வலை இழுக்கும் அண்ணன், மரமுந்திரிகைப் பருப்பு உடைக்கும் அக்கா, கலியாண வீட்டில் எல்லாரோடும் பந்தியில் இருக்கும் மாமா.

நான்காம் படி: காட்டுதல். படங்களைப் பாடசாலைக்குள் பூட்டி வைக்க வேண்டாம். பள்ளிவாசல் முன்றிலிலும், கோவில் வாசலிலும், கூட்டுறவுக் கடையிலும், சிலாவத்துறைக்கு பஸ் ஏறும் இடத்திலும் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் அருகிலும் அதை வரைந்த பிள்ளை நின்று, இரண்டு நிமிடத்தில் விளக்கட்டும். பரிசு கொடுப்பதானால் அழகுக்குக் கொடுக்க வேண்டாம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா யாரையும் கேளாமல் விளங்கிக்கொள்ளும் படத்துக்குக் கொடுங்கள். நடுவராகவும் அவரையே இருத்துங்கள்.

ஐந்தாம் படி: பார்த்தல். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம் மீண்டும் தாளைக் கொடுத்து அதே கேள்வியைக் கேளுங்கள். முதற் படங்களையும் இப்படங்களையும் அருகருகே வையுங்கள். பட்ட மரம் போய்விட்டதா? தேமலும் மருந்து அட்டையும் வந்திருக்கின்றனவா? தாமாகத் தேமலைக் காட்ட வந்தவர்கள் உண்டா என்பதையும் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். ஆனால் பெயர்களைக் கேட்க வேண்டாம்.

கையிலுள்ளதைக் கொண்டு வரையலாம்

வர்ணப் பெட்டி வாங்க வசதியில்லை என்று நிறுத்த வேண்டாம். அடுப்புக் கரி கறுப்பு. எமது செம்மண்ணைக் கரைத்து வடித்தால் சிவப்பு. மஞ்சள் தூள், சலவை நீலம், இரண்டையும் கலந்தால் பச்சை. சுண்ணாம்பு வெள்ளை, அதைப் பெரியவர்களே கரைத்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் கண்ணுக்குக் கெடுதி. சோற்றுக் கஞ்சியைச் சேர்த்தால் நிறம் தாளில் ஒட்டும். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கமும் காட்போட் பெட்டியும் போதும். பூச்சிமருந்து வந்த பைகளையும் பெட்டிகளையும் மட்டும் எடுக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

விரல் போன கை, சிதைந்த முகம், பிச்சைப் பாத்திரம், பாம்பு, பேய் ஆகியவற்றை வரைய வேண்டாம். ஊரில் உள்ள ஒருவரின் முகத்தையோ வீட்டையோ அடையாளம் தெரியும்படி வரைய வேண்டாம். பழைய இழிசொற்களைப் படத்தில் எழுத வேண்டாம். “தொழுநோய் வந்து சுகமானவர்” என்று எழுதலாம். சுகமான ஒருவர் தாமாக விரும்பி வகுப்புக்கு வந்து பேச முன்வந்தால் அதைப் போன்ற பாடம் வேறில்லை. ஆனால் அவரை நாம் வற்புறுத்தக் கூடாது.

கமத்தில் கையும் காலும்

உணர்ச்சி குறைந்த கை காலோடு கமம் செய்பவருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். சூடான சட்டியைப் பிடித்தால் சுடுவது தெரியாது. மண்வெட்டிப் பிடி கையில் கொப்புளம் போட்டால் நோகாது. உடைமுள் பாதத்தில் ஏறினால், மாலையில் இரத்தத்தைக் கண்டபின்தான் தெரியும். நோகாதபடியால் அந்தக் காயத்தோடேயே வேலை செய்வார். புண் பெருத்து எலும்பு வரை போகும். விரல்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே பெரிய வகுப்புப் பிள்ளைகள் ‘மாலைப் பார்வை’ என்று ஒரு படவரிசை வரையலாம். வயலால் வந்து கால் கழுவுதல், விளக்கடியில் இருந்து இரண்டு பாதத்தையும் அடிப்பக்கம் பார்த்தல், விரலிடுக்கு பார்த்தல், தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து எண்ணெய் பூசுதல், காயம் கண்டால் கட்டி ஓய்வு கொடுத்தல், செருப்புப் போட்டு நடத்தல், சட்டி பிடிக்கத் துணி எடுத்தல், மண்வெட்டிப் பிடிக்குச் சீலை சுற்றுதல். எட்டுப் படம் போதும். தண்ணீரில் ஊறவைப்பதை விட்டுவிட்டால் இதே படவரிசை சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பொருந்தும். அவர்களுடைய பாதமும் காலப்போக்கில் உணர்ச்சி குறையும். கால் புண்ணோடு வைத்தியசாலைக்குப் போகும் எம்மவர் பலர் அந்நோய் உள்ளவர்களே. காயம் உள்ளவர் காலை ஊறவைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இடம் மாறும் குடும்பங்களுக்கு

புத்தளத்துக்கும் முசலிக்குமாகப் போய்வரும் குடும்பங்கள் மூன்று விடயங்களை நினைவில் வைத்திருங்கள். சிகிச்சை அட்டையைக் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே பையில் வையுங்கள். ஊர் மாறுவதற்கு முன்னர் சிகிச்சை கொடுத்த இடத்தில் சொல்லி, அடுத்த இடத்துக்குக் கடிதம் வாங்குங்கள். வந்து சேர்ந்ததும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அதைக் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும். வீட்டாருக்குத் தடுப்பாக ஒருவேளை மருந்து கொடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு பரிந்துரைத்துள்ளது. வைத்தியர் அதனைத் தீர்மானிப்பார்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது ஊரில் தொழுநோயைப் பற்றிப் பேசும்போது என்ன சொற்களைப் பயன்படுத்துகின்றோம்? அவற்றுள் எவற்றை விட்டுவிட வேண்டும்?

2. எமது பிள்ளையின் உடலில் தேமல் கண்டால் முதலில் யாரிடம் சொல்வோம்? சொல்வதற்கு எது தடையாக இருக்கின்றது?

3. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் பாடசாலைக்கு இவ்விடயத்தில் என்ன உதவி செய்யலாம்?

4. பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட எமது ஊரில் எல்லாரும் கூடும் இடம் எது?

செய்கை

பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் ராவுல் போலெரோவின் முயற்சியால் 1954ஆம் ஆண்டிலிருந்து ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலக தொழுநோய் நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. அடுத்து வரும் அந்நாளுக்கு முன்னர் உங்கள் பாடசாலையில் முதலாம் படியை மட்டுமாவது செய்து பாருங்கள். ஒரு பாட நேரம் போதும்.

நாம் பரிசு கொடுத்த படத்தைப் பின்னர் அதிபரிடம் சொல்லிக் கழற்றினோம். அதை வரைந்த பிள்ளை மனம் நோகக்கூடாதென்று விடயத்தை விளக்கி, இன்னொரு படம் கேட்டோம். இரண்டு நாளில் கொண்டுவந்து தந்தது. கிணற்றடியில் ஒரு தாய் மகனுக்கு வார்க்கின்றாள். அவன் முதுகில் ஒரு சிறு தேமல். தாயின் விரல் அதன் மேல் இருக்கின்றது. அதே ஆணியில் இப்போது அந்தப் படம் தொங்குகின்றது.